எய்லாவின் மஞ்சள் விளக்கு

ஹாபலாத்தி ஏரிக்கரை ஆட்டக் கொட்டகையில் காபி ஊற்றுகிற எய்லாவைத் தெரியாத ஆள் அந்தச் சுற்றுவட்டத்தில் கிடையாது. ஆனால் அவளுடைய காலைப் பார்த்தவர்கள் வெகுகாலம் வரைக்கும் ரொம்பக் கொஞ்சம் பேர்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் காபி மேசைக்குப் பின்னால் போய் நிற்பாள். கடைசிப் பாட்டு முடிந்து, கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் வெளியே வருவாள். அதற்குள் ஜனமெல்லாம் வீட்டுக்குப் போயிருக்கும். அதனால் ஊர்க் கண்ணுக்கு எய்லா என்றால் இடுப்புக்கு மேலே இருக்கிற எய்லாதான். வெள்ளை ஏப்ரன், முழங்கைவரை சுருட்டிவிட்ட சட்டை, காபி ஆவியில் நெற்றியோடு ஒட்டிப்போன ஒரு கற்றை முடி.

கொட்டகையைக் கட்டினது அவள் அப்பா விஹ்தோரி. சண்டைக் காலம் முழுக்க நாட்டில் ஆட்டத்துக்குத் தடை. பிள்ளைகள் போர்முனையில் செத்துக்கொண்டிருக்கும்போது இங்கே யாரும் ஆடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தடை நீங்கினதும் விஹ்தோரி நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைமேல் பலகை அடித்தார். வட்டமாகத் தரை, மேலே கூரை, சுற்றிலும் தூக்கி நிறுத்துகிற மரக்கதவுகள், ஒரு பக்கம் மேடை, எதிர்ப்பக்கம் காபி மேசை. மேடைக்கு மேலே இரண்டு கண்ணாடி விளக்கு வைத்தார். ஒன்று நீலம், ஒன்று மஞ்சள்.

நீலம் எரிந்தால் ஆண்கள் எழுந்துபோய்ப் பெண்களைக் கூப்பிட வேண்டும். மஞ்சள் எரிந்தால் பெண்கள் போய் ஆண்களைக் கூப்பிடலாம். சாயங்காலம் முழுக்க நீலம்தான். நடுவில் ஒரு மணி நேரம் மட்டும் மஞ்சள். யார் கூப்பிட்டாலும் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. ஒரு ஜோடிக்கு இரண்டு பாட்டு. இரண்டும் முடிந்ததும் ஆண்பிள்ளை அவளை நின்ற இடத்திலேயே கொண்டுவந்து விட்டு, தலையைக் குனிந்து நன்றி சொல்லிவிட்டுப் போக வேண்டும். இதெல்லாம் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. நடக்கத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும்.

விளக்குப் பொத்தான் காபி மேசைக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. விஹ்தோரி போனபிறகு காபிப் பானையோடு சேர்த்து அதுவும் எய்லா கைக்கு வந்தது. அப்பா ஒரே ஒரு விஷயத்தைத்தான் அவளிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்.

"மஞ்சளைப் போட்டா அதோட நேரம் முடியறவரைக்கும் அணைக்காதே, பாப்பா. கொட்டகையே பத்திக்கிட்டாலும் அணைக்காதே. எவளோ ஒருத்தி அப்பத்தான் தைரியத்தைச் சேர்த்து எழுந்திருப்பா. பாதித் தரையில நிக்கும்போது விளக்கு போயிட்டா அவ எங்க போவா? முன்னாலயும் போக முடியாது, பின்னாலயும் போக முடியாது."

எய்லா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்திக்காக விளக்கைக் காப்பாற்றினாளே தவிர, தானே ஒரு நாள் அந்தத் தரையைக் கடக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. தோன்றவில்லை என்று சொல்வதும் பொய். தோன்றும். ஆனால் மஞ்சள் நேரத்தில்தான் காபி அதிகம் போகும். யாரும் கூப்பிடாத ஆண்கள் எல்லாம் திடீரென்று தாகம் எடுத்த மாதிரி மேசை முன்னால் வந்து நிற்பார்கள்.

அப்படி நிற்கிறவர்களில் ரௌனோவும் ஒருத்தன். அவனுக்குத் தாகம் நிஜமாகவே இருந்ததோ என்னவோ, ஒரு மணி நேரத்தில் காபி மேல் காபியாகக் குடிப்பான். வாரத்தில் ஆறு நாள் மர மில்லில் பலகை அடுக்குகிறவன். நெட்டை ஆள். காதுக்குள் எப்போதும் கொஞ்சம் மரத்தூள். கொட்டகையின் வழக்கமான வாத்தியக்காரர்கள், அதாவது அக்கார்டியன் கிழவர் ஊர்ஹோவும் அவர் கூட்டமும், நடுவில் காபி குடிக்க இறங்கும்போது, ரௌனோ மின்சாரக் கிதாரைத் தூக்கிக்கொண்டு இன்னும் இரண்டு பையன்களோடு மேடை ஏறுவான். அவனே எழுதின ராக் பாட்டுகள். கிழவிகள் காதில் விரலை வைத்துக்கொள்வார்கள். எய்லா மட்டும் அந்த நேரம் பார்த்துக் கோப்பை கழுவ மாட்டாள். சத்தம் வரும் என்று.

அவனும் அவளும் வருஷக்கணக்காகப் பேசினது இவ்வளவுதான்.

"இன்னொன்னு ஊத்தவா?"

"ஊத்து."

மேசைக்குப் பின்னால் வேலையாய் நிற்கிற பெண்ணை நீல விளக்கில் போய்க் கூப்பிடுவது வழக்கமில்லை. மஞ்சள் விளக்கில் அவள் வெளியே வருவதும் இல்லை. ஆக இரண்டு பேரும் ஒரு காபிக் கோப்பை அகலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள்.

பக்கத்தில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று மாவு வளையங்களைப் பொரித்துச் சர்க்கரையில் புரட்டுகிற லெம்பி, எய்லாவின் சொந்த அத்தை, விஹ்தோரியின் தங்கை. அவளுக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் இருக்குமா?

"இவன் குடிக்கற காபிக்கு ஒரு மாடு வாங்கிக் கட்டிருக்கலாம், பாலுக்கு" என்பாள்.

"அவன் பால் ஊத்திக்க மாட்டான், அத்தை."

"அது மட்டும் தெரியுது உனக்கு!"

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில், எழுபதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம், பள்ளிக்கூட வாத்தியார் மகன் இல்போ தலைநகரம் ஹெல்சிங்கியிலிருந்து ஒரு கேமராவோடு ஊருக்கு வந்து இறங்கினான். கேமரா இரவல். படச்சுருள் ஏதோ விளம்பரக் கம்பெனியில் மிச்சம் விழுந்தது. கூட வந்தவன் ஒருத்தன்தான், தோர்ஸ்த்தி என்று பேர், கேமராவைப் பிடிக்கிறவன், வாயே திறக்காத பிள்ளை. வாத்தியார் வீட்டு நீராவிக் குளியல் குடிலான சவுனாவின் முன்னறையில் இரண்டு பேரும் படுத்துக்கொண்டார்கள்.

இல்போ கதையைக் காபி மேசையில் வைத்துத்தான் முதலில் சொன்னான். மர மில் பையன் ஒருத்தன். ராக் பாடகன் ஆகணும் என்று ஆசை. ஊர் சிரிக்கிறது, அம்மா தடுக்கிறாள், அவன் கிதாரோடு பேருந்து ஏறித் தலைநகரம் போகிறான். கடைசியில் பெரிய அரங்கம், கூட்டம் கத்துகிறது, அவன் பாடுகிறான். படத்துக்குப் பேர் 'மரத்தூள்'.

"நடிக்கறது யாரு?" என்றாள் லெம்பி.

"ரௌனோதான். வேற யாருக்கு கிதார் வாசிக்கத் தெரியும் இங்க?"

"அம்மா?"

இல்போ அவளைப் பார்த்துச் சிரித்தான். லெம்பி கரண்டியை ஓங்கினாள். ஆனால் மறுநாள் தலைமுடியைச் சுருள் சுருளாக்கிக்கொண்டு, நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

அந்தக் கோடை முழுக்க ஊரே படம் எடுத்தது. யாருக்கும் சம்பளம் கிடையாது. அடுப்பில் சுட்ட மாமிசக் குழல், உருளைக்கிழங்கு, மோர், இதுதான் கூலி. அதையும் ஊரே சமைத்து ஊரே சாப்பிட்டது. மகன் கிதாரை எடுத்துக்கொண்டு கிளம்புகிற காட்சியில் அம்மா கோபமாகக் கத்தி வாசலை மறிக்க வேண்டும். லெம்பிக்குக் கோபம் வந்தது. வாசலையும் மறித்தாள். ஆனால் ரௌனோ உள்ளே வந்ததும் அவள் கை தானாகக் காபிப் பாத்திரத்துக்குப் போய்விட்டது.

"லெம்பி அத்தை! காபி ஊத்தக் கூடாது. நீங்க அவன்கூட சண்டை போடறீங்க!"

"வீட்டுக்குள்ள வந்தவனுக்குக் காபி ஊத்தாம எப்படிடா சண்டை போடறது? முதல்ல குடிக்கட்டும். அப்புறம் திட்டறேன்."

மூன்று தரம் எடுத்தார்கள். மூன்று தரமும் ஊற்றினாள். இல்போ விட்டுவிட்டான். இன்றைக்கும் படத்தில் அந்த அம்மா மகனுக்குக் காபி ஊற்றிக்கொண்டே கத்துகிறாள். எல்லாவற்றிலும் அந்த இடம்தான் நிஜமாக இருக்கிறது.

பேருந்துக் காட்சி இன்னும் மோசம். ரௌனோ கிதாரோடு ஏறினான். கதவு மூடியது. கேமராவில் ஏதோ சிக்கி, இல்போ "இன்னொரு தரம், இன்னொரு தரம்!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினான். ஓட்டுநர் நிறுத்தவில்லை. அவருக்கு நேரம் என்றால் நேரம். அடுத்த நிறுத்தத்தில் ரௌனோவை இறக்கிவிட்டார். அவன் கிதாரைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டு வழியாகக் கொசுக்கடியில் நடந்து வந்தான். நேராகக் காபி மேசைக்கு வந்தான்.

"தலைநகரம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் எய்லா.

வருஷக்கணக்கில் அதுதான் காபி சம்பந்தமில்லாமல் அவள் அவனிடம் கேட்ட முதல் கேள்வி. அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"கொசு ஜாஸ்தி" என்றான்.

அந்தச் சிரிப்பை எய்லா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வாரம் வைத்திருந்தாள். பிறகுதான் ஊர்ஹோ கிழவர் அந்தச் செய்தியைச் சொன்னார். மில்லில் ஆள் குறைக்கிறார்களாம். ரௌனோவின் சித்தப்பா மகன் ஸ்வீடனில், கோத்தன்பர்க்கில், கார்த் தொழிற்சாலையில் இருக்கிறானாம். இவனுக்கும் ஒரு இடம் சொல்லி வைத்துவிட்டானாம். சனிக்கிழமை கடைசிக் காட்சி எடுக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் பேருந்து.

"படத்துல பாட்டுக்காகப் போறான். நிஜத்துல கார்க் கதவு மாட்டப் போறான்" என்றார் ஊர்ஹோ. "கிதாரை என்ன பண்ணப் போறேன்னு கேட்டேன். அதுமேல இருந்த மரத்தூளைத் தட்டிட்டிருந்தான்."

எய்லா கையிலிருந்த கோப்பையைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள். போனவர்கள் எல்லாம் திரும்பி வரவில்லை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. எதிர் வீடும். கோடையில் ஒரு வாரம் புது காரில் வந்து, ஸ்வீடன் மொழி கலந்து பேசிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். அவன் போய்விட்டால் மேசைக்கு அந்தப் பக்கம் காலியாக இருக்கும். இந்தச் சனிக்கிழமை விட்டால் வேறு சனிக்கிழமை கிடையாது. அவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது. ஆனால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. படப்பிடிப்பு அன்றைக்கு ஆட்டம் கிடையாது. ஆட்டம் இல்லையென்றால் மஞ்சள் விளக்கு எங்கே?

சனிக்கிழமை சாயங்காலம் ஊரே கொட்டகைக்கு வந்தது. வெளியே ஏரிமேல் வெயில் பளபளவென்று கிடந்தது. அந்த வடக்குக் கோடைச் சூரியனுக்கு வீட்டுக்குப் போக மனசே வராது. இல்போ மரக்கதவுகளை எல்லாம் இறக்கி இருட்டாக்கி, மேடைக்கு மட்டும் இரண்டு பெரிய விளக்கு இழுத்துக் கட்டினான். தலைநகரத்து அரங்கம் என்று நம்ப வேண்டும். ஒலிப்பதிவுப் பெட்டிக்கு மேடைப் பக்கம் இடமில்லை. அதனால் காபி மேசையின் ஓரத்தில், லெம்பியின் சர்க்கரைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இதைத் தொடாதீங்க, அத்தை."

"எனக்கு எதுக்கு உன் பெட்டி?"

பிறகு ஜனத்தைப் பார்த்துத் திரும்பினான். "எல்லாரும் கேளுங்க. யாரும் ஆடக் கூடாது. மேடைகிட்ட நெருக்கிக்கிட்டு நிக்கணும். கையைத் தூக்கணும். கத்தணும்."

ஒருத்தரும் அசையவில்லை. ஆண்கள் ஒரு சுவரோரம், பெண்கள் எதிர்ச் சுவரோரம், எப்போதும் போல.

"என்ன கத்தணும்?" என்று ஒருத்தர் கேட்டார்.

"எதையாவது! சந்தோஷமாக் கத்துங்க!"

"கொட்டகையில கத்தினா வெளிய தூக்கிப் போட்டுருவாங்களே, தம்பி."

"இங்க கடைசியாக் கத்தினது நான்தான்" என்றார் ஊர்ஹோ மேடையோரத்திலிருந்து. "அன்னைக்குக் குளவி கொட்டிருச்சு."

இல்போ ஒவ்வொருத்தராகக் கையைப் பிடித்து இழுத்து மேடை முன்னால் ஆணும் பெண்ணுமாகக் கலந்து நிறுத்தினான். திரும்பி கேமராவிடம் போவதற்குள் கலந்தது பிரிந்துவிட்டது. ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம். மறுபடியும் கலந்தான். மறுபடியும் பிரிந்தார்கள். வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். கால் அப்படிப் பழகியிருந்தது. சுருள் இரண்டுதான் மிச்சம். மேடையில் ரௌனோ தோல் சட்டை போட்டுக்கொண்டு வியர்த்து நின்றான். அது தோர்ஸ்த்தியின் சட்டை, கை எட்டவில்லை.

"சரி, எடுத்துப் பாத்துடலாம்!" என்றான் இல்போ.

டிரம் தட்டினது. கிதார் கிளம்பினது. ரௌனோ வாயைத் திறந்தான்.

இப்போது நடந்ததைக் கவனமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஊரில் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். இல்போ அன்றைக்கு எல்லாரிடமும் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னான். எய்லாவிடம் மட்டும் சொல்லவில்லை. அவள் படத்தில் இல்லையே! சனிக்கிழமை, கொட்டகை நிறைய ஜனம், சுவர்க் கடிகாரத்தில் மஞ்சள் நேரம், மேடையில் முதல் பாட்டு. எய்லாவின் கண் ரௌனோமேல் இருந்தது. கை எப்போதும் போல சுவருக்குப் போனது. பொத்தானைத் தட்டியது.

மேடைக்கு மேலே மஞ்சள் எரிந்தது.

உடனே, எதிர்ச் சுவரோரம் நின்ற பெண்கள் எல்லாரும் தரையைக் கடந்தார்கள். அஞ்சல்காரர் மனைவி மில் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். மாதாகோவில் ஆர்கன் வாசிக்கிற அம்மாள் பேருந்து ஓட்டுநரைக் கூப்பிட்டாள். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. ரௌனோ தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருக்க, கீழே ஊரே ஜோடி ஜோடியாகச் சுற்ற ஆரம்பித்தது, இடுப்பில் கை வைத்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், ஒழுங்காக வட்டத்தில். பாட்டு வேகமாக இருந்ததால் அவர்களும் வேகமாகச் சுற்றினார்கள்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று இல்போ கத்தினான். அன்றைக்குக் கொட்டகையில் கத்தினது அவன் ஒருத்தன்தான்.

பாட்டு பாதியில் நின்றது. முதல் சுருள் போச்சு. இல்போ தலையைப் பிடித்துக்கொண்டு காபி மேசைக்கு வந்தான்.

"யாரு அந்த விளக்கைப் போட்டது?"

"நான்தான்" என்றாள் எய்லா. அப்போதுதான் தன் கையையே பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"அணை. ஒரே ஒரு சுருள்தான் இருக்கு, எய்லா. அணைச்சிடு."

"அணைக்க முடியாது."

"என்னது?"

"மஞ்சளைப் போட்டாச்சு. நேரம் முடியட்டும்."

"நீ தப்பாப் போட்டே!"

"தப்போ சரியோ, போட்டாச்சு. பாதித் தரையில நிக்கறாங்க, பாரு."

நிஜமாகவே நின்றார்கள். பெண்கள் எல்லாம் அவரவர் ஜோடியின் கையை விடாமல், முதல் பாட்டும் முடியாமல், இரண்டாவதும் வராமல், இவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். விதவையாகிப் பத்து வருஷமாக யாரையும் கூப்பிடாத தையல்காரி ஒருத்தி ஊர்ஹோவின் கையைப் பிடித்திருந்தாள். எய்லா அவளைப் பார்த்தாள். பிறகு இல்போவைப் பார்த்தாள். பொத்தான்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"எங்கப்பாவே வந்து சொன்னாலும் அணைக்க மாட்டேன்."

"அவர் சொல்லவும் மாட்டார்" என்றாள் லெம்பி, சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இல்போ மேடையைத் திரும்பிப் பார்த்தான், ரௌனோவாவது கை கொடுப்பான் என்று. ரௌனோ கிதாரில் சாய்ந்துகொண்டு எய்லாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எரியட்டும், இல்போ" என்றான்.

"படம் என்னடா ஆகறது?"

"இவங்க கத்த மாட்டாங்க. நீ விடியற வரைக்கும் நின்னாலும் கத்த மாட்டாங்க. ஆடினா ஆடட்டும். நான் கோத்தன்பர்க் போனா, நான் நினைச்சுக்கப் போறது இதைத்தான். ஹெல்சிங்கி அரங்கத்தையா நினைச்சுக்கப் போறேன்?"

இல்போ மிச்சமிருந்த ஒரே சுருளைப் பார்த்தான். பிறகு கையை விரித்தான். "கதவையெல்லாம் தூக்குங்க" என்றான். மரக்கதவுகளைத் தூக்கினார்கள். ஏரி வெளிச்சம் தரை முழுக்க வந்து விழுந்தது. தோர்ஸ்த்தி கடைசிச் சுருளை மாட்டினான்.

டிரம் மறுபடியும் தட்டினது. ரௌனோ பாடினான். ஊர் சுற்றியது. எய்லா மேசைக்குப் பின்னால் நின்றாள், கை இன்னும் பொத்தான்மேல்.

அப்போது லெம்பி வந்து அந்தக் கையை எடுத்தாள்.

"ஊருக்கெல்லாம் போட்ட விளக்கு உனக்கு மட்டும் இல்லையா?"

"காபி..."

"போடி, போ. காபியை நான் பாத்துக்கறேன்."

பின்னால் ஏப்ரன் முடிச்சை அவிழ்த்து, முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள்.

எய்லா மேசையைச் சுற்றி வெளியே வந்தாள். கொட்டகையின் நடுத்தரை இவ்வளவு அகலமா என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஜோடிகள் விலகி வழிவிட்டன. காலில் கறுப்பு ரப்பர் பாதணி, தரை துடைக்கிறபோது போட்டுக்கொள்கிறது. மாற்ற நேரமில்லை. பாதித் தரையில் ஒரு கணம் நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். மஞ்சள் எரிந்துகொண்டுதான் இருந்தது. மேடை முன்னால் போய் நின்று, பாடிக்கொண்டிருக்கிறவனைப் பார்த்து, மற்றப் பெண்கள் செய்கிற மாதிரியே தலையைச் சாய்த்தாள்.

ரௌனோ ஒரு வரியின் நடுவில் இருந்தான். அந்த வரியை முடிக்கவில்லை. கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லக் கூடாது, மேடையில் இருந்தாலும்தான். கிதாரைக் கழற்றி நாற்காலியில் சாய்த்தான். இறங்கினான். டிரம் பையன் நிறுத்தலாமா வேண்டாமா என்று தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தான். ஊர்ஹோ தையல்காரியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடிப்போய் அக்கார்டியனை எடுத்து மாட்டி, விட்ட வரியைத் தான் பிடித்துக்கொண்டார். தையல்காரி சும்மா இருப்பாளா? அவர் பக்கத்திலேயே நின்று காலால் தாளம் போட்டாள்.

தோர்ஸ்த்தி கேமராவோடு அவர்கள் பின்னால் போனான். இரண்டு சுற்று வந்தார்கள். மூன்றாவது சுற்றில் சடக்கென்று சத்தம். சுருள் தீர்ந்துவிட்டது.

"முடிஞ்சுது" என்றான் இல்போ.

பாட்டும் முடிந்தது. எல்லாரும் ரௌனோ மேடை ஏறுவான் என்று பார்த்தார்கள். அவன் ஏறவில்லை. எய்லாவின் கையை விடவில்லை. ஒரு ஜோடிக்கு இரண்டு பாட்டு. ஊர்ஹோ அதைப் புரிந்துகொண்டு மெதுவான வால்ஸ் ஆட்ட மெட்டு ஒன்று எடுத்தார். அந்த இரண்டாவது ஆட்டத்தை யாரும் படம் பிடிக்கவில்லை.

"பேருந்து காலையில" என்றான் ரௌனோ, அவள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு.

"தெரியும்."

"இத்தனை வருஷம் ஏன் கூப்பிடல?"

"காபி ஊத்திட்டிருந்தேன்."

"நான் குடிச்சிட்டே இருந்தேன், நீ எப்ப நிறுத்துவேன்னு." கொஞ்சம் பொறுத்துச் சொன்னான், "ராத்திரி தூக்கமே வராது எனக்கு, ஞாயித்துக்கிழமை பூரா கை நடுங்கும்."

எய்லா அவன் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். வால்ஸ் முடிந்ததும் அவன் அவளைக் காபி மேசைவரை கூட்டிக்கொண்டு வந்து விட்டு, தலையைக் குனிந்து நன்றி சொன்னான். முறை முறைதான். ஆனால் போகவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"இன்னொன்னு ஊத்தவா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்" என்றான். "கிதாரை இங்க விட்டுட்டுப் போறேன். மழையில நனையாத இடமா வை."

காலையில் பேருந்து சரியான நேரத்துக்குத்தான் கிளம்பியது. ஓட்டுநர் அந்த மாதிரி ஆள். கிதார், சர்க்கரை மூட்டைக்கும் காபி மூட்டைக்கும் நடுவில், பழைய போர்வை சுற்றிக் கிடந்தது. எய்லா அதை வாரத்துக்கு ஒரு தரம் எடுத்துத் துடைப்பாள். வாசிக்கத் தெரியாது, துடைப்பாள். கிதாரை விட்டுப் போனவன் வந்துதானே ஆகணும் என்று லெம்பி சொன்னாள். எய்லா அதன்பிறகு மஞ்சள் நேரத்தில் வேறு யாரையும் போய்க் கூப்பிடவும் இல்லை.

அடுத்த கோடையில் வந்தான். ஊருக்குள் போகவில்லை, நேராகக் கொட்டகைக்கு. லெம்பி அவனைப் பார்த்ததும் பொத்தானைத் தட்டினாள். நேரம்கூட ஆகவில்லை. அதற்கடுத்த கோடையும் வந்தான். மில் மறுபடியும் ஆள் எடுத்த வருஷம், போகும்போது எடுத்துப் போன அதே பெட்டியோடு வந்தவன் திரும்பிப் போகவில்லை. அது எய்லாவுக்காகவா மில்லுக்காகவா என்று அவனை யாரும் கேட்கவில்லை.

பெரிய பாடகன் ஆகவில்லை. ஊர்ஹோ காபி குடிக்கிற நேரத்தில் பாடினான். ஊர்ஹோவுக்குப் பிறகு மற்ற நேரமும் பாடினான். 'மரத்தூள்' ஹெல்சிங்கியில் ஒரு சின்னத் திரையரங்கில் ஒரு வாரம் ஓடினது. பத்திரிகையில் ஒருத்தர், பாடகன் புகழை உதறி மண்ணுக்குத் திரும்புகிற அந்தக் கடைசிக் காட்சி ஆழமானது என்று எழுதினார். இல்போ அதைக் கொண்டுவந்து காபி மேசையில் வாசித்துக் காட்டினான். லெம்பி கேட்டுவிட்டு, "மண்ணுக்கு எங்கடா திரும்பினான்? மரத்தரையில ஆடினான்" என்றாள்.

இல்போவுக்கும் இப்போது முடி நரைத்துவிட்டது. நடுக்கோடைத் திருநாளுக்கு வருஷா வருஷம் வந்து, கொட்டகைச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி அந்தப் படத்தைப் போடுவான். மரக்கதவுகளை இறக்கினாலும் வெளிச்சம் சந்து வழியாக வந்துகொண்டே இருக்கும். பாதிப் படம் மங்கலாகத்தான் தெரியும். யாருக்கும் அது பொருட்டில்லை. திரையில் போகிற ஒவ்வொரு முகத்துக்கும் ஊர் பேர் சொல்லும். அஞ்சல்காரர் மனைவி, மேற்பார்வையாளர், ஊர்ஹோ, தையல்காரி. முக்கால்வாசிப் பேர் மாதாகோவில் கல்லறைத் தோட்டத்தில் படுத்துவிட்டார்கள்.

எய்லா முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் ரௌனோ. மில் ரம்பமும் கிதாரும் சேர்ந்து அவன் ஒரு காதைத் தின்றுவிட்டன. முழங்காலும் சரியில்லை. கடைசிக் காட்சி வரும். திரையில் கதவுகள் திறந்து கிடக்கும், ஊர் சுற்றும், அவன் கை எட்டாத சட்டையில் பாடுவான். எய்லா கண்ணை மூடிக்கொள்வாள். அவளுக்குப் பார்க்க வேண்டியதில்லை, கேட்க வேண்டும். சர்க்கரைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த ஒலிப்பதிவுப் பெட்டி, டிரம் சத்தத்துக்கும் கிதார் சத்தத்துக்கும் மேலே, எண்ணெய்ச் சட்டி பொரிகிறதையும் பிடித்து வைத்திருந்தது. அதற்கு மேலே ஒரு கிழவியின் குரல், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி.

"போடி, போ. காபியை நான் பாத்துக்கறேன்."

லெம்பி எய்லாவிடம் பேசினதில் இந்த உலகத்தில் மிச்சம் இவ்வளவுதான்.

திரையில் சடக்கென்று படம் அறுந்து வெள்ளையாகும். எய்லா எழுந்து சுவரோரம் போய்ப் பொத்தானைத் தட்டுவாள். மஞ்சள் எரியும். திரும்பி வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவன் முன்னால் நின்று தலையைச் சாய்ப்பாள்.

"முட்டி வலிக்குதுடி" என்பான் ரௌனோ.

"மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"ஒரு பாட்டு போதும்."

"ரெண்டு" என்பாள் எய்லா. அவன் எழுந்துகொள்வான்.